சிப்பிமுனையில் பொழுது சாய்ந்த விதம்

சிப்பிமுனை உப்பள முதலாளி தவசிமுத்து அண்ணாச்சிக்குத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் பொங்கல் கழிந்த மறுவாரம் பனி பெய்யத் தொடங்கியது. மார்கழியில் புல்நுனியில் நிற்கிற பனி அல்ல. பஞ்சு மூட்டை பிரிந்ததுபோல வானத்திலிருந்து கொட்டுகிற பனி. அது அவருக்கு மட்டும்தான் பெய்தது. பக்கத்தில் குடை பிடித்து நின்ற கணக்கப்பிள்ளைக்கு முதுகில் வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் உப்பு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது என்பதையும், மத்தி மீன் மலிவாகக் கிடைத்தது என்பதையும் ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

காரணம் அவருடைய வலது கண். சிப்பிமுனை வெயிலை அப்படியே திருப்பி முகத்தில் அடிக்கிற ஊர். கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்குக் கண்ணுக்குள் மோர் ஊற்றியதுபோலப் புரை விழுந்துவிடும். முதலாளி என்று பார்த்தெல்லாம் புரை ஒதுங்கிப் போகாது. அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் விழுந்தது. அவர் சென்னைக்குப் போய், கதவு திறந்தால் குளிர் அடிக்கிற ஆஸ்பத்திரியில் வலது கண்ணின் புரையை எடுத்துவிட்டு, கப்பலிலோ விமானத்திலோ வந்த வெளிநாட்டு லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு திரும்பினார். லென்ஸ் செய்த நாட்டின் பெயரை அவர் சொல்லும்போது தும்மல் வருவதுபோல இருக்கும் என்பதால், ஊர் அதைச் சீமை என்றே வைத்துக்கொண்டது. "ஒரு லாரி உப்பு வித்த காசு என் கண்ணுக்குள்ள கெடக்குவே" என்று கடைத்தெருவில் எல்லாரிடமும் இமையை விலக்கிக் காட்டினார். இடது கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஆகவே உலகத்தை அவர் பார்த்ததெல்லாம் அந்த ஒற்றைச் சீமைக் கண்ணால்தான்.

லென்ஸ் நல்ல லென்ஸ். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பிறந்த ஊரை மறக்கவில்லை. அதன் ஊரில் அப்போது பனிக்காலம், அதனால் சிப்பிமுனையிலும் பனிக்காலம் என்றே அது காட்டியது. அண்ணாச்சி இரண்டு நாள் சமாளித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டார். ஒரு வாரத்தில் கம்பளிச் சட்டை வந்துவிட்டது. உப்பு அம்பாரம் எது, பனிக்குவியல் எது என்று தெரியாமல், வருகிற லாரிக்காரனிடமெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார். கொட்டகைக் கூரையில் பனி சேர்ந்து பாரம் ஏறுகிறது என்று தினமும் ஒரு ஆளை ஏற்றி ஓலையைப் பெருக்கச் சொன்னார். அந்த ஆள் மேலே ஏறி, ஒன்றுமில்லாததைக் கவனமாகப் பெருக்கித் தள்ளிவிட்டு இறங்குவான். உப்பளத்தில் அதைவிடச் சுகமான வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இங்கே சிப்பிமுனையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே கூலி மணிக்கு அல்ல, பொழுதுக்கு. பொழுது விடிந்தால் உப்புப் பாத்தியில் இறங்க வேண்டும், பொழுது சாய்ந்தால் ஏற வேண்டும், அதற்கு ஒரு கூலி. பொழுது சாய்ந்ததா இல்லையா என்று சூரியன் முடிவுசெய்ய முடியாது. முதலாளி கொட்டகை வாசலில் நின்று, மேற்கே ஒரு பார்வை பார்த்து, "பொழுது சாஞ்சாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து இதுதான் சட்டம். யாராவது கடிகாரத்தைக் காட்டினால், "கடியாரம் நின்னு போவும்வே, கண்ணு நிக்குமா?" என்று கேட்பார்கள். சீமையில் தை மாதத்துச் சூரியன் ஒன்பது மணிக்குச் சோம்பல் முறித்து எழுந்து, மூன்றரை மணிக்கு முக்காடு போட்டுப் படுத்துவிடும். ஆகவே அண்ணாச்சியும் ஒன்பது மணிக்குத்தான் விடிந்தது என்றார். மூன்றரை மணிக்கு, உச்சி வெயில் இன்னும் முழுசாக இறங்காதபோது, கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "பொழுது சாஞ்சாச்சு, பாத்து வீட்டுக்குப் போங்க, இருட்டுல பூச்சி பொட்டு கெடக்கும்" என்றார். வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வாருபலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் கண் கூச, இருட்டுக்குப் பயந்தவர்கள்போல வேகமாக வீட்டுக்கு நடந்தார்கள். மாசியில் எல்லாரும் சேர்ந்து சீமை லென்ஸின் நீண்ட ஆயுளுக்காக இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அண்ணாச்சி அது தன் ஆயுளுக்கு என்று நினைத்து அரிசி கொடுத்தார்.

அந்தப் பொங்கலில் நெருப்பைப் பார்க்காமல் சூட்டை வைத்து அடுப்பு தள்ளியவள் செல்வக்கனி. அளத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பு வாருகிறவள். அவளுக்கும் இரண்டு கண்ணிலும் புரை. ஆள் வந்தால் நிழல் தெரியும், அந்த நிழல் யார் என்பது குரல் கேட்டால்தான் தெரியும். அவளுக்கு வைத்தியம் கிடைக்காமல் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பஸ் வரும். கண்ணைச் சோதித்து, புரை இருந்தால் ஏற்றிக்கொண்டுபோய், ஆப்பரேஷன் செய்து, சோறு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டித் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். காசு கிடையாது. மைக் செட் நயினார் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "கண் தெரியாத பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கு, எல்லாரும் வந்து படிச்சுப் பாருங்க" என்று தெருத்தெருவாகக் கூவுவார். ஓசி என்றால் எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்று சிப்பிமுனை முண்டியடித்துக்கொண்டு ஏறும். ஏறுகிறதெல்லாம் ஆம்பிளைகள். ஏனென்றால் சிப்பிமுனைக்காரர்கள் கண்ணைக் குடை மாதிரி நினைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும், தேவைப்படுகிறபோது சேர்ந்து போய்க்கொள்ளலாம்.

செல்வக்கனியின் வீட்டுக்கு வந்த கண் அவள் புருஷன் சுடலைமணிக்குப் போனது. அவனும் உப்பளத்தில்தான் வேலை. இரண்டு பஸ்ஸில் இரண்டு கண்ணும் சரிசெய்துகொண்டான். இரண்டாவது தடவை வந்து இறங்கிய அன்று, தெருவே கூடி நிற்க, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பல வருடத்துக்குப் பிறகு பெண்டாட்டியை நன்றாகப் பார்த்தான்.

"நீ யாருட்டி? ஒங்கம்மாவா? அவ செத்து இருவது வருசமாச்சே!"

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செல்வக்கனியும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் கோபக்காரி என்பார்கள். ஆனால் அந்தச் சொல் அவளுக்கு வலித்தது. அன்றைக்கு மட்டுமல்ல, உப்புத்தண்ணீர் பட்ட வெடிப்புபோலத் தினமும் வலித்தது. அவள் அம்மாவும் இதே அளத்தில் உப்பு வாரிக் கண் போனவள். அந்தக் காலத்தில் பஸ்ஸும் இல்லை, நயினாரும் இல்லை. குடிசைக்கும் கிணற்றுக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்து நடந்து, மகள் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தே செத்துப்போனாள். சுடலைமணி அதை மறந்துவிட்டுத்தான் சொன்னான், கெட்டவன் இல்லை. ஆனாலும் செல்வக்கனிக்கு அன்றிலிருந்து ஒரே ஒரு ஆசைதான். கண்ணை வாங்கிக்கொண்டு வந்து, அந்த ஆளை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அடுத்த பஸ்ஸுக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டபோது, சுடலைமணி உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "ஒனக்கு எதுக்குட்டி கண்ணு? ஒனக்கும் சேத்துத்தான நான் பாக்கேன்?" என்றான். அண்ணாச்சியிடம் நாலு நாள் லீவு கேட்டபோது அவர் அதைவிட ஆச்சரியப்பட்டார். "ஓசிக் கண்ணு ஒரு தீவாளி தாங்காது. மதுரையில செஞ்ச லென்சாம்லா? மதுரைக்காரன் மல்லியப்பூ கட்டுவான், கண்ணு செய்வானா?" என்று, தோளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டபடி சொன்னார். உண்மையில் மதுரை லென்ஸிலும் ஒரு விசேஷம் இருக்கத்தான் செய்தது. அதுவும் பிறந்த ஊரை மறக்கவில்லை. அதை வைத்துக்கொண்டவர்கள் எல்லாருக்கும், எந்தத் தெருவைப் பார்த்தாலும் அதன் கடைசியில் ஒரு கோபுரம் தெரியும். பக்கத்தில் போனால் தள்ளிப்போகும். மற்றபடி ஊர் ஊராகவே தெரியும், பொழுது பொழுதாகவே சாயும். யாரும் புகார் சொல்லவில்லை. நடந்து போகிறபோதே கும்பிட்டுக்கொள்ளலாம், பஸ் செலவு மிச்சம். மாதா கோயில்காரர்கள்கூட, அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பங்குனியில் அண்ணாச்சிக்குப் பனி உருகியது. கம்பளியைக் கழற்றினார். வேலையாட்கள் அப்போதே பயந்திருக்க வேண்டும், ஆனால் பூகோளம் தெரிந்தவன் எவன் உப்பு வாருகிறான்? சித்திரையில் பொழுது ஏழு மணிக்கு மேல் சாய்ந்தது. வைகாசியில் ஒன்பதாயிற்று. ஆனி பிறந்தபோது சீமைச் சூரியன் விடிய மூன்று மணிக்கே எழுந்து நின்றுகொண்டு, இரவு பத்தரை வரை உட்காரவே இல்லை. கும்மிருட்டில், நாய்கூடப் படுத்துவிட்ட நேரத்தில், கொட்டகை வாசலில் அண்ணாச்சி நெற்றிக்குமேல் கையை வைத்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"பொழுது சாஞ்சாச்சா அண்ணாச்சி?" என்று இருட்டுக்குள்ளிருந்து யாராவது பரிதாபமாகக் கேட்பார்கள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? வெயிலு மண்டையப் பொளக்குது, பொழுதாம் பொழுது!"

ஒரு பொழுதுக்கு ஒரு கூலி. தையில் அதை வாங்கித் தின்றவர்கள் ஆனியில் வாயைத் திறக்க முடியவில்லை. இருட்டில் ஆட்கள் உப்புத்தண்ணீரில் விழுந்தார்கள், வாருபலகை அடுத்தவன் கணுக்காலை வாரியது. சுடலைமணிக்குத் தூரத்தில் கோபுரம் தெளிவாகத் தெரிந்தது, காலடியில் பாத்தி தெரியவில்லை. ஒரு ஆனி இப்படிப் போயிற்று, அடுத்த ஆனியும் வந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்த இருட்டில் தடுமாறாமல் நடந்தவள் செல்வக்கனி ஒருத்திதான். அவளுக்குப் பகலும் அதுதான், இரவும் அதுதான். வரப்பு எங்கே திரும்புகிறது என்று அவள் காலுக்குப் பழகியிருந்தது. ஆகவே இரண்டாம் வருடம் அண்ணாச்சி அவளை முன்னால் நடக்கச் சொன்னார். அவள் முந்தானையை ஒருத்தி பிடிக்க, அவள் முந்தானையை அடுத்தவள் பிடிக்க, கடைசியில் ஆம்பிளைகள் துண்டைப் பிடித்துக்கொண்டு, அளமே ரயில் வண்டிபோல அவள் பின்னால் போயிற்று. கண் தெரிந்தவர்கள் எல்லாரும் கண் தெரியாதவளை நம்பிப் பிழைத்தார்கள். அதனால் அவளுக்குக் கண் வரவேண்டும் என்று விரும்பியவர் சிப்பிமுனையில் ஒருவர்கூட இல்லாமல் போனார். அவளுடைய சேக்காளி பேராச்சியே, "நீ பாட்டுக்குக் கண்ணு முழிச்சிட்டன்னா எங்கள யாருட்டி கூட்டிட்டுப் போவா?" என்று கெஞ்சினாள்.

அந்த ஆனியில் நயினாரின் ஆட்டோ வந்தது. "கண் கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ணாதீங்க, ஞாயித்துக்கெழம காலையில பஸ்ஸு" என்று கூவிக்கொண்டு போனது. யாரிடமும் கேட்காமல் செல்வக்கனி பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அங்கே முன்கூட்டியே வந்து கண் பார்த்துக்கொண்டிருந்த மதுரை நர்ஸ் டார்ச்சை அடித்துப் பார்த்தாள், மறுபடியும் அடித்துப் பார்த்தாள். பிறகு, "ஏம்மா, போன பஸ்ஸுக்கு ஏன் வரல? ரொம்ப முத்திப் போயிருக்கு. இந்தத் தடவையும் விட்டீங்கன்னா கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு செத்துரும். அப்புறம் லென்ஸ் வச்சாலும் தெரியாது" என்றாள். செல்வக்கனி தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். கயிற்றைப் பிடித்து நடந்த அம்மாவின் கை அப்போது அவளுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. பயந்தாள். நன்றாகவே பயந்தாள்.

அன்று ராத்திரி, ஊருக்கு இருட்டும் அண்ணாச்சிக்கு மாலை வெயிலுமாக இருந்தபோது, செல்வக்கனி ரயிலை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். பாத்திக்குத் திரும்ப வேண்டிய வரப்பில் திரும்பவில்லை. நேரே கொட்டகை வாசலுக்கு வந்து, அண்ணாச்சியின் செருப்பு வாசனை வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்குப் பொழுது சாஞ்சு மூணு வருசமாச்சு" என்றாள் செல்வக்கனி. "ஒரு நாளாவது வீட்டுக்குப் போன்னு சொன்னியளா?"

அண்ணாச்சியின் மாலை வெயிலில் அவள் முகம் நன்றாகவே தெரிந்தது. அழவில்லை என்பதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

"ஞாயித்துக்கெழம நான் பஸ் ஏறப் போறேன். நீங்களும் வாங்க. எடது கண்ணு சும்மாத்தான கெடக்கு? அதுல ஒரு மதுரை லென்ச வச்சா நம்ம ஊரு பொழுது ஒங்களுக்கும் தெரியும்."

"ஓசிப் பஸ்ஸுலயா? நானா? என்ன பேச்சு பேசுத?"

"அப்பம் நாளையிலருந்து ஒங்க வெயிலுல நீங்களே உப்பு வாருங்க."

அவள் எழுந்து நடந்தாள். மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்யவேண்டும் என்று நினைக்கவே இல்லை. முந்தானையை விட்டால் குழியில் விழுவோம் என்று அவள் பின்னாலேயே போனார்கள். அப்படியே எல்லாரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். சிப்பிமுனை உப்பளத்தின் ஒரே வேலைநிறுத்தம் இவ்வாறு நடந்தது. சங்கத்துக்காரர்கள் பிற்பாடு வந்து அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று கொடி ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வாசலில் சுடலைமணி வழிமறித்து நின்றான். "நீ போயிட்டா சோத்துக்கு என்ன செய்ய?"

"ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு இருக்குல்லா? அடுப்பு எங்கன இருக்குன்னு தேடிப் பாரும்" என்று சொல்லிவிட்டு, கம்பியைத் தடவிப் பிடித்து அவள் ஏறினாள். பின்னாலேயே, அளத்துக் காவற்காரனின் கிழிந்த கைலியும் தலைப்பாகையுமாக, முகத்தைப் பாதி மூடிக்கொண்டு ஒரு பெரியவர் ஏறினார். அது தவசிமுத்து அண்ணாச்சி என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும், பாதிக் குருடர்கள் உட்பட, உடனே தெரிந்துவிட்டது. அவர் மெனக்கெட்டு மாறுவேஷம் போட்டு வந்திருக்கிறாரே என்று மரியாதைக்காக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதோடு அதில் ஒரு வசதியும் இருந்தது. "வே பெரிசு, தள்ளி உக்காரும்வே." "வே பெரிசு, அந்தச் சன்னலச் சாத்தும்." மதுரை போய்ச் சேர்கிறவரை பெரிசுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. அருப்புக்கோட்டை தாண்டியதும் செல்வக்கனி மெதுவாக, பனி என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பெரிசு யோசித்தார். "உப்பு மாதிரிதான் இருக்கும். ஆனா கூலி கேக்காது" என்றார்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே சாம்பார் சோறு, செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரே பிளாஸ்திரி. காசு கட்டுகிறவர்களுக்கு மாடியில் கட்டிலும் தனி அறையும் உண்டு, கட்டாதவர்களுக்குக் கீழே பாய். ஆனால் மாடியில் கத்தி பிடித்த அதே டாக்டரம்மாதான் கீழேயும் வந்தார். இரண்டு மேசை போட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குத் திரும்பினார், தோசைக்கல்லில் ஒன்றை எடுத்து ஒன்றை ஊற்றுகிற வேகத்தில். லென்ஸும் ஒரே பெட்டியிலிருந்து வந்தது. தம் வாழ்நாளில் விலை குறைந்த எதையும் நம்பியறியாத அண்ணாச்சி, வரிசையில் செல்வக்கனிக்குப் பின்னால் நின்றபடி நர்ஸைப் பிடித்து, இது எந்த ஊர் லென்ஸ் என்று விசாரித்தார்.

"நம்ம ஊருதான்யா. இங்கனக்குள்ள பொண்ணுங்கதான் செய்யுதுங்க."

"இங்க பொழுது எப்பம்மா சாயும்?"

"எங்களுக்கா? டூட்டி முடிஞ்சாச் சாயும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளுக்குச் சொட்டுமருந்து விடப் போனாள்.

மறுநாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் செல்வக்கனி திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது அண்ணாச்சிதான். நாற்பது வருடமாகத் தலைகுனிந்தே நின்று, குரலை வைத்து ஏழடி உயரத்துக்கு அவள் நினைத்து வைத்திருந்த மனிதர், தொள தொள அங்கியில், ஒட்டிய கன்னமும் காதில் முடியுமாக, பயந்த முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சியா? இம்புட்டுத்தானா நீரு?" என்றாள். அதுவரை நீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து அவரிடம் நீரு என்றுதான் பேசினாள். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு இடது கண்ணில் ஆனி மாதத்து மதுரை தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக உடம்பில் தங்கிப்போயிருந்த வியர்வை மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்பி அங்கியை நனைத்தது. அவர் அதைத் துடைக்காமல் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

இங்கே சிப்பிமுனையில் சுடலைமணி சும்மா இருக்கவில்லை. தான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை ஒவ்வொரு இரவும் அவனுக்கு ஞாபகம் வந்தது. பஸ் திரும்புகிற நாளில் முகம் மழித்து, தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்து, கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுகிற கரைவேட்டியைக் கட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். தெரு முழுக்க அவனைச் சுற்றிக் கூடியது. செல்வக்கனி இறங்கி வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அவசரப்படாமல் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். வெயிலுக்கு மீசைச் சாயம் உருகி உதட்டுக்கு இறங்கியது.

"நீரு யாரு? ஒங்கப்பாவா? அவரு செத்து நாப்பது வருசமாச்சே! ஏ பேராச்சி, செத்தவருக்கு மீச ஒழுகுது பாரு!"

போன தடவையைவிட இந்தத் தடவை தெரு அதிகமாகச் சிரித்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரை ஏறின. சுடலைமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே ஓடி, மழிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "என்னையச் சொன்னேல்லா, இப்பம் நீயும் பாரு!"

செல்வக்கனி பார்த்தாள். அவள் கடைசியாகத் தன் முகத்தைப் பார்த்தபோது அதில் இவ்வளவு சுருக்கம் இல்லை, காதோரம் இவ்வளவு வெள்ளை இல்லை. கண்ணாடியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். அவள் அம்மா அவளைத் தடவிப் பார்த்ததும் இப்படித்தான்.

"நீரு சொன்னது சரிதான்" என்றாள். "எங்கம்மாவேதான்."

பிறகு கண்ணாடியில் இருந்தவளிடம் சொன்னாள்: "எம்மா, பாத்தியா? ஒனக்குக் கண்ணு தெரியுது."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுடலைமணி சுத்தியல் எடுத்துவந்து, அவள் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து அந்தக் கண்ணாடியை மாட்டினான். அன்றிலிருந்து அவன் குனிந்துதான் மழித்துக்கொள்கிறான். அடுத்த பஸ்ஸுக்கு அவளை அவனே கூட்டிக்கொண்டுபோய் இன்னொரு கண்ணையும் செய்துகொண்டு வந்தான். அந்தப் பஸ்ஸில் பொம்பிளைகள் முதலில் ஏறிவிட்டார்கள். மைக் செட் நயினார், "ஆம்பிளைகளுக்கும் கொஞ்சம் எடம் விடுங்க தாய்மார்களே" என்று கூவும்படி ஆயிற்று.

அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. தையில் இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்தால், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற கோபுரத்தின்மேல் பனி பெய்தது. ஒவ்வொரு பொம்மையின் தலையிலும் ஒரு வெள்ளைக் குல்லாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் தலை சுற்றியது. எந்தக் கண்ணை மூடுவது என்று அவர் கேட்டபோது வேலையாட்கள் கூடிப் பேசி, நியாயமாக ஒரு முடிவு சொன்னார்கள். தையும் மாசியும் சீமைக் கண், பங்குனியிலிருந்து மதுரைக் கண். இது எங்கேயோ இடிக்கிறதே என்று அண்ணாச்சி இழுத்தார். வேண்டாமென்றால் அடுத்த ஆனியில் யாருடைய முந்தானையும் கிடைக்காது என்று செல்வக்கனி சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார். அளத்தில் இப்போதும் அதுதான் சட்டம். தை பிறந்து வேலைக்கு இறங்குகிற முதல் நாள், வெயில் கொளுத்துகிற மூன்றரை மணிக்கு, செல்வக்கனி பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்து நிற்பாள்.

"அண்ணாச்சி, கண்ண மாத்தும்."

அவர் மாற்றிக்கொள்வார். மேற்கே ஒரு பார்வை பார்ப்பார். கழுத்தில் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, பொழுது சாஞ்சாச்சு என்பார்.